அகலமாக இருந்ததை வெட்டினோம்

என் விடுதி அறைச் சுவரில் மூன்று நிறத்தில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தேன். படிப்புக்குச் சிவப்பு, பூப்பந்துக்கு நீலம், பல்கலைக்கழகத் தொண்டுக் குழுவுக்குப் பச்சை. சாப்பாடும் தூக்கமும் மிச்சமிருந்த வெள்ளையில் நடந்தன. அறைக்கு வருகிறவர்கள் அதன் முன் ஒரு நிமிடம் நிற்பார்கள். நிற்காமல் போனால் நானே கூப்பிட்டுக் காட்டுவேன். சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு, பூப்பந்து அணியில் முதல் ஐவரில் ஒருத்தி, தொண்டுக் குழுவின் மாணவத் தலைவி. இத்தனையையும் ஒருத்தி எப்படிச் சமாளிக்கிறாள் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டே இருப்பேன். கேட்டால், "எல்லாம் பிளானிங்தான்" என்று சும்மா சொல்வதுபோல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அந்தப் பிளானிங்கில் ஒரு ஓட்டை இருந்தது. பாய்ம இயக்கவியல் தாளில் அரியர் வைத்திருந்தேன். தண்ணீர் எப்படி ஓடும் என்பதுதான் அந்தப் பாடமே. தஞ்சாவூர்க்காரி தண்ணீர்ப் பாடத்தில் தோற்றுவிட்டாள் என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் நான் டவுனில் பிறந்தவள். எங்கள் வீட்டில் தண்ணீர் குழாயில் வரும். வயலைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பூப்பந்து என்றதும் பாதிப் பேர் இறகுப்பந்தை நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கோபம் வரும். எங்களுடையது மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், திறந்த வெளி, மண் தரை. காற்றடித்தால் பந்து தன் இஷ்டத்துக்குப் போகும். பனியில் நனைந்தால் கனத்துவிடும். வலைக்கருகே இருவர், நடுவே ஒருத்தி, பின்னால் இருவர். நடுவில் நிற்பவள் நான். முன்னால் இருக்கிறவர்கள் விட்டதும் பின்னால் இருக்கிறவர்கள் ஓடிவந்து எட்டாததும் என் தலையில்தான் விழும். எனக்கு அது பிடித்திருந்தது. எல்லாம் என் தலையில் விழுவதை அந்த வயதில் பெருமை என்றே நினைத்திருந்தேன்.

அந்த வருடம் மே மாதக் கடைசியில் தொண்டுக் குழு ஒரு வாய்க்காலைத் தூர் வாருவதாக ஏற்றுக்கொண்டது. மன்னார்குடி சாலையில் முக்கால் மணி நேரம் போய், பிரிந்து உள்ளே போனால் ஒரு சின்ன ஊர். அந்த வாய்க்கால் அங்கேதான் முடிகிறது. கடைமடை. தண்ணீர் எல்லாருக்கும் பாய்ந்த பிறகு, மிச்சமிருந்தால் வரும் இடம். வாய்க்காலில் கோரையும் காட்டாமணக்கும் மண்டினால் அந்த மிச்சமும் வராது. நாற்பது மாணவர்கள், மூன்று நாள் முகாம். மாணவர்கள் வெட்டுகிறார்கள் என்றதும் ஊராட்சியில் நூறு நாள் வேலைப் பெண்களை அந்த வாய்க்காலிலிருந்து எடுத்துக் குளத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

முகாமுக்கு முன்னால் ஒருநாள் போய், வாய்க்காலை நடந்து பார்த்து, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். அது தலைவியின் வேலை. அட்டவணையில் அதற்குப் பச்சையில் ஒரு சனிக்கிழமைக் காலை ஒதுக்கியிருந்தேன். ஆனால் மண்டலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. என் சர்வீஸ் சரியாக விழவில்லை. பச்சையை அழித்து நீலமாக்கிவிட்டு மைதானத்துக்குப் போனேன். வாய்க்காலை அன்று மத்தியானம் போனில் சாட்டிலைட் படத்தில் பார்த்துக்கொண்டேன். ஊருக்குப் பக்கத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று அகலமாக, நேராக இருந்தது. இன்னொன்று ஒல்லியாக வளைந்து வளைந்து போனது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அகலமானதில் சிவப்புக் கோடு போட்டு நாற்பது பேருக்கும் அனுப்பினேன்.

முகாம் அமர்க்களமாக நடந்தது. இடுப்பளவு சகதியில் இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்தோம். காட்டாமணக்கை வேரோடு பிடுங்கிக் கரையில் குவித்தோம். ஊர்க்காரர்கள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வந்து பார்த்தவர்கள் எல்லாரும், "தங்கமான புள்ளைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் மாலை மரத்தடியில் நன்றி சொல்லும் கூட்டம். மைக்கில் நான் பேசினேன். நீர்தான் உயிர் என்றெல்லாம் பேசினேன். பேசி முடித்து உட்கார்ந்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா எழுந்தார். நாற்பது வயதிருக்கும், சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டிருந்தார்.

"வடிகால ரொம்ப நல்லா வெட்டியிருக்கீங்க பாப்பா. வாய்க்கால எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது வாய்க்கால். வயலில் மிஞ்சிய தண்ணீரை வெளியே கொண்டுபோவது வடிகால். கடைமடையில் வாய்க்கால் ஒல்லியாகிவிடும், ஏனென்றால் வழியெல்லாம் பகிர்ந்து கொடுத்துவிட்டு வருகிறது. வடிகால் அகலமாகிவிடும், ஏனென்றால் வழியெல்லாம் வாங்கிக்கொண்டு வருகிறது. இந்தப் பக்கத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். சிவில் இன்ஜினியரிங் படிக்கிற எனக்குத் தெரியவில்லை.

"நீங்க யாரும் சொல்லவே இல்லையே" என்று மோர் கொண்டுவந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"வடிகால யாரும்மா தானா வந்து வெட்டுவா? கஷ்டமானத மொதல்ல முடிச்சுட்டு அப்பறம் வாய்க்காலுக்கு வருவீங்கன்னு நெனச்சோம். உங்கள அவ்வளவு ஒசத்தியா பேசிக்கிட்டோம்" என்றார் அவர்.

ஒசத்தியாகப் பேசியதுதான் அதிகமாக வலித்தது.

அந்த அக்காவோடு நடந்து போனேன். மேட்டூரில் இந்த வருடம் முன்னதாகவே திறந்தாகிவிட்டது, கல்லணையும் திறந்துவிட்டார்கள், இன்னும் ஏழெட்டு நாளில் இங்கே வந்துவிடும் என்றார். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தைக் குறுவைக்குக் குத்தகை எடுத்திருந்தார். மாணவர்கள் வாய்க்கால் வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எடுத்தாராம். பக்கத்து போர்செட்டில் கேட்டு வாங்கிய தண்ணீரில் நாற்று விட்டிருந்தார். அந்தத் தண்ணீர் நாற்றுக்குப் போதும், நடவுக்குப் போதாது. நாற்றங்கால் பச்சைப் பசேலென்று நின்றது. "இதுக்கு வயசு ஏறிக்கிட்டே இருக்கு. நம்ம மொறைக்கு வர்ற தண்ணிய விட்டா நட முடியாது பாப்பா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு வாய்க்காலைக் காட்டினார். அகலம் என் மட்டையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்குதான் இருக்கும். உள்ளே கோரை ஆள் உயரம். இரண்டு கரையிலும் தென்னை, பொக்லைன் நுழைய வழியில்லை. ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது.

"நான் வெட்டித் தரேன்க்கா" என்றேன்.

"ஒத்த ஆளாவா?" என்றார். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் நாற்பது பேரும் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். விடுதியில் தங்கியிருந்தது பூப்பந்து அணியின் பத்துப் பேர்தான்; உள்ளூர்க்காரி என்றாலும் பயிற்சிக்காக நானும் விடுதியில்தான் இருந்தேன். அடுத்த சனிக்கிழமை திருச்சியில் மண்டலப் போட்டி. அதற்கடுத்த திங்கட்கிழமை என் அரியர் தேர்வு. அன்றைக்கு மெஸ்ஸில் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். என் அறைத்தோழி அணியில் பின்வரிசை ஆட்டக்காரி. கோடியக்கரைப் பக்கம், அவள் வீட்டில் உப்பளம் வைத்திருக்கிறார்கள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறியது.

"எங்க ஊருல தண்ணி வந்துட்டா உப்பு கரைஞ்சிடும்னு அழுவோம். இங்க வரலன்னு அழறாங்க. எங்க ஊருக்கு வேண்டிய வேலைய நீ இங்க வந்து பண்ணியிருக்கடி" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை மண்வெட்டி வேணும்?" என்று கேட்டாள்.

எங்கள் பயிற்சியாளர் அந்த வாரம் ஒரு கூட்டத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தார், புதன்கிழமைதான் திரும்புவார். அதுவரை காலை உடற்பயிற்சியை நாங்களே செய்துகொள்ளச் சொல்லியிருந்தார். உடற்பயிற்சிதானே, எங்கே செய்தால் என்ன? காய்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்தோம். விடியும்போது ஏறினால் வெயில் ஏறுவதற்குள் மூன்று மணி நேரம் வெட்டலாம். அந்த அக்காவும், குளத்து வேலைக்குப் போவதற்கு முன் அவர் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் எங்களோடு இறங்கினார்கள். அவர்கள் ஒரு ஆள் நீளம் முடிக்கும் நேரத்தில் நாங்கள் ஒரு முழம் முடிப்போம். வண்டியில் போகும்போது பாய்ம இயக்கவியலைத் திறந்து வைத்துக்கொள்வேன். தரை கரடுமுரடாக இருந்தால் ஓட்டத்தின் வேகம் குறையும் என்று புத்தகம் இரண்டு பக்கச் சமன்பாட்டில் சொன்னது. அந்த அக்கா கோரை வேரைக் காட்டி, "இந்த ஒரு முடியக்கூட விட்டுடாத, தண்ணி மொறச்சிக்கிட்டு நின்னுடும்" என்று ஒரு வரியில் சொன்னார். போன தடவை எனக்குப் பதினெட்டு மதிப்பெண் போட்டவர் இவரிடம் ஒரு நாள் உட்கார்ந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்தது. புதன்கிழமை மாலை பயிற்சியாளர் வந்து எல்லாருடைய பிடியையும் பார்த்தார். அது அவர் பழக்கம். மட்டையைப் பிடிக்கச் சொல்லி விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"பிராக்டிஸ் சார்."

"பூப்பந்து ஆடி இந்த எடத்துல கொப்புளம் வராது. இருபது வருஷமா கை பாக்கறேன், எங்கிட்ட கதை விடாத." கையை விட்டார். "இந்தக் கையோட அஞ்சு பேர்ல நீ கிடையாது."

பள்ளிக்கூட நாளிலிருந்து நான் ஆசைப்பட்ட இடம் அது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுவிட்டு அலாரம் வைத்தேன்.

மறுநாள் விடிகாலையில் வண்டி மன்னார்குடி சாலையில் திரும்பும்போது பின்னால் ஒரு பைக் வந்துகொண்டே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் வாய்க்காலில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கரையில் பயிற்சியாளர் நின்றார். வெள்ளை ஷூ, கழுத்தில் விசில். தன் மொத்த அணியும் முழங்கால் சேற்றில் நிற்பதைப் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் தென்னையிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. போட்டிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, கை போச்சு, முதுகு போச்சு, பொறுப்பே இல்லை, இதற்கெல்லாம் தலைவி யார் என்று கேட்டார். நான் கை தூக்கினேன்.

அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "வாத்தியாரே, கத்துறதா இருந்தா உள்ள எறங்கி நின்னு கத்துங்க. இன்னும் நூறடி இருக்கு."

பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அணியில் யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. பயிற்சியாளர் என்னைப் பார்த்தார், அந்த அக்காவைப் பார்த்தார், இன்னும் கோரை நின்ற பக்கத்தையும் பார்த்தார். ஷூவைக் கழற்றி, சாக்ஸை உள்ளே சுருட்டி வைத்து, பேன்ட்டை மடித்தார். இறங்கியதும் என் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "நீ ஓரமா நின்னு குப்பைய அள்ளு. அந்தக் கையால இனிமே எதையும் தொடாத."

அதன்பிறகு அரை மணி நேரம் கத்திக்கொண்டேதான் வெட்டினார். இடுப்பை வளைக்காதே, முட்டியை மடக்கு, காலை அகட்டு. மைதானத்தில் தினமும் கேட்கும் அதே வசனம். ஒரு வளைவில் காட்டாமணக்கு வேர் கரைக்குள் புகுந்து கிடந்தது. அதை யாரும் தொட விடாமல் தானே உட்கார்ந்து, விசில் வாய்க்குப் போவதும் சேற்றில் விழுவதுமாக, கடைசிவரை தோண்டி எடுத்தார். வெயில் ஏறியபோது வாய்க்கால் முடிந்திருந்தது. மதகிலிருந்து அந்த அக்காவின் வயல் வரைக்கும் வெறும் ஈர மண். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல் இருந்தது.

"சார், அஞ்சு பேர்ல..." என்று ஆரம்பித்தேன்.

"கிடையாது" என்றார்.

சனிக்கிழமை திருச்சியில் முதல் செட்டை நான் இல்லாமலே ஜெயித்தார்கள். கை தட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. எல்லாம் என் தலையில்தான் விழுகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே. இரண்டாவது செட்டில் தோற்றார்கள். மூன்றாவதில் பாதியில் எங்கள் நடு ஆட்டக்காரிக்குக் கால் பிசகியது. பயிற்சியாளர் பெஞ்சைப் பார்த்தார். என்னைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் முன்வரிசைக்காரிகள். என் உள்ளங்கையில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, "போ" என்றார்.

பிடிவாதமாக ஆடினேன். நன்றாகத்தான் ஆடினேன் என்று இன்றும் சொல்வேன். கடைசிப் புள்ளிகளில் ஒரு பந்து என்னிடம் நேராக வந்தது. எங்கள் மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். உள்ளங்கையில் சுருக்கென்று வலித்தது, பிடி ஒரு நூல் தளர்ந்தது, பந்து வலையில் தட்டி எங்கள் பக்கமே விழுந்தது. அதோடு முடிந்தது.

தஞ்சாவூருக்குத் திரும்பும் பேருந்தில் முன் இருக்கையில் பயிற்சியாளர் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாவற்றின் மேலும் கோபமாக வந்தது. பத்து நாளில் இரண்டு தோல்வி, இரண்டிலும் என் கை. ஒரு சனிக்கிழமைக் காலை நடந்து போய்ப் பார்த்திருந்தால் இரண்டுமே வந்திருக்காது. தண்ணீரும் வரவில்லை. எட்டாம் நாளும் ஆகிவிட்டது. மேல்மடைக்காரர்கள் அடைத்துக்கொண்டார்களோ, நாங்கள் எங்கேயாவது மேடு விட்டுவிட்டோமோ என்று மனம் அடித்துக்கொண்டது. செங்கிப்பட்டி தாண்டும்போது போன் அதிர்ந்தது. அந்த அக்காவிடமிருந்து ஒரு வீடியோ.

முதலில் வெறும் ஈர மண்தான் தெரிந்தது. பிறகு சருகும் நுரையும் தேங்காய் மட்டையும் ஒரு வரிசையாகத் தவழ்ந்து வந்தன. அவற்றுக்குப் பின்னால் பழுப்புத் தண்ணீர், அவசரமே இல்லாமல். நான் கத்திவிட்டேன். பக்கத்திலிருந்த அறைத்தோழி போனைப் பிடுங்கினாள். பின் இருக்கைக்காரிகள் மேலே விழுந்தார்கள்.

"அந்தத் தென்னை! அது நான் வெட்டுன எடம்டி!"

"இல்ல, அது என்னுது. உன்னுது அடுத்தது, அந்த மேடு இருக்கு பாரு, அது."

"மேடா? எங்க மேடு? தண்ணி எப்படிப் போவுது பாரு!"

பயிற்சியாளர் எழுந்து வந்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். தண்ணீர் ஒரு வளைவுக்கு வந்தது.

"நிறுத்து, நிறுத்து" என்றார். "பின்னாடி தள்ளு. அந்த வளைவு நான் வெட்டுனது." தன் வளைவில் தண்ணீர் திரும்பிப் போவதை மூன்று தடவை பார்த்தார். தோற்றவர் முகமாகவே அது இல்லை. "முட்டிய மடக்கி வெட்டுனா இப்படித்தான் வரும்" என்றார்.

வீடியோ இன்னும் முடியவில்லை. காட்சி ஆடி ஆடி நடந்து, அந்த அக்காவின் வயல் வரப்பில் வந்து நின்றது. மண்வெட்டி ஒரு கொத்து கொத்தி வாய்மடையைத் திறந்தது. தண்ணீர் ஒரு நொடி தயங்கிவிட்டு, காய்ந்த வயலுக்குள் இறங்கிப் பரவியது. ஓரத்தில் நாற்றங்கால் பறிக்கத் தயாராக நின்றது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை. பிறகு போன் திரும்பியது. சட்டை போட்ட அந்த அக்காவின் முகம், வியர்வையும் சேறுமாக, திரை முழுக்கத் தெரிந்தது.

"வந்துடுச்சு பாப்பா," என்றார். போன் மறுபடியும் தண்ணீர்ப் பக்கம் போனது. "இதுதான் வாய்க்கால். நல்லா பாத்து வச்சுக்க."